விண்வெளி நிலையத்தை மொட்டைமாடியிலிருந்து கேட்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு நேர் மேலே வரும்போது அதன் உயரம் சுமார் 420 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் இதைவிடக் கூடுதல் தூரம் ஓடுகிறது. இடையில் மலை இல்லை, கட்டடம் இல்லை, மரம் இல்லை. அதனால்தான் அங்கே இருக்கும் ரேடியோ, கார்களில் பொருத்தும் வகையைச் சேர்ந்த சாதாரணக் கருவியாக இருந்தும், அரை மீட்டர் கம்பியோடு மொட்டைமாடியில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கிறது.

இருந்தும் முதன்முறை முயல்பவர்களில் பலர் வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு, கருவி சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் குறை இருப்பதில்லை. அந்த நேரத்தில் நிலையம் ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருந்திருக்கும். அல்லது அவர்கள் திருப்பி வைத்த அதிர்வெண்ணில் அன்று அங்கிருந்து ஒன்றுமே வந்திருக்காது. புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது எந்த ஆண்டெனா, என்ன விலை என்றுதான். இன்று அங்கே எந்த ரேடியோ ஓடுகிறது, நமக்கு மேலே எத்தனை மணிக்கு வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது. கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

அங்கிருந்து என்ன வருகிறது?

விண்வெளி வீரர்கள் ஹூஸ்டனிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துடன் நடத்தும் அன்றாட உரையாடல் வேறு செயற்கைக்கோள்கள் வழியாகப் போய்வருகிறது. அது நம் கைக்கு எட்டாது. நாம் கேட்கப்போவது நிலையத்தில் தனியாக வைத்திருக்கும் அமெச்சூர் வானொலிக் கருவிகளை, அதாவது ஹாம் ரேடியோவை. விண்ணிலிருந்து இப்படிப் பேசும் வழக்கத்தை 1983ஆம் ஆண்டு கொலம்பியா விண்ணோடத்தில் பறந்த ஓவன் காரியட் தொடங்கிவைத்தார். சர்வதேச நிலையத்தில் முதல் குழு 2000 நவம்பரில் குடியேறியது. மறு மாதமே ஓர் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுடன் பேசிவிட்டது. இன்று இந்தப் பணியை 'ஏரிஸ்' என்ற பன்னாட்டுத் தன்னார்வ அமைப்பு கவனிக்கிறது. ஐரோப்பாவின் கொலம்பஸ் கூடத்தில் ஒன்று, ரஷ்யாவின் ஸ்வெஸ்தா கூடத்தில் ஒன்று என இரண்டு கென்வுட் ரேடியோக்கள் அங்கே இருக்கின்றன.

இவற்றிலிருந்து நமக்கு வருபவை நான்கு வகை. ஒரு தாளில் எழுதிக் கருவியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளுங்கள்:

145.800 மெகாஹெர்ட்ஸ்: வீரர்களின் குரல்
145.800 மெகாஹெர்ட்ஸ்: எஸ்எஸ்டிவி எனப்படும் ஒலிவழிப் படங்கள்
145.825 மெகாஹெர்ட்ஸ்: பாக்கெட், அதாவது ஒலியாக மாற்றிய எழுத்துச் செய்திகள்
437.800 மெகாஹெர்ட்ஸ்: ரிப்பீட்டர், அதாவது தரையிலிருக்கும் ஹாம்கள் பேசுவதை வாங்கித் திருப்பி அனுப்பும் வசதி

நான்குமே எஃப்எம் முறையில் வருபவை. ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் இருக்காது. அடிக்கடி ஓடிக்கொண்டிருப்பவை ரிப்பீட்டரும் பாக்கெட்டும்தான். படங்கள் ஆண்டில் சில முறை, சில நாட்களுக்கு மட்டும், முன்கூட்டியே அறிவித்துவிட்டு வரும். வீரர்களின் குரல் இன்னும் அரிது. அவர்களுக்கு வேலை நெருக்கடி அதிகம். ஓய்வு நேரத்தில் மைக்கை எடுத்துப் பேசுபவர்களும் உண்டு, திரும்பிக்கூடப் பார்க்காதவர்களும் உண்டு. விண்கலங்கள் வந்து இணையும்போதும், வீரர்கள் வெளியே நடக்கும்போதும் பாதுகாப்புக்காக ரேடியோவை அணைத்துவிடுவார்கள். இந்த நிலவரத்தை ஏரிஸ் தன் இணையதளத்தில் அவ்வப்போது வெளியிடுகிறது. மாடிப்படி ஏறுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேட்டைக்கு வீரர்களின் குரலைக் குறிவைக்காதீர்கள் என்பது என் கருத்து. ஆசை அதில்தான் இருக்கும், தெரியும். ஆனால் என்றைக்கோ வரும் ஒன்றுக்காகக் காத்திருந்தால் நம் கருவி வேலை செய்கிறதா என்பதே தெரியாமல் போய்விடும். பாக்கெட்டையோ ரிப்பீட்டரையோ பிடித்துக் கருவியின் மேல் நம்பிக்கை வந்த பிறகு குரலுக்குக் காத்திருப்பது வேறு அனுபவம்.

பள்ளி உரையாடல்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. நாள், நேரம் குறித்து, பத்து நிமிடத்துக்குள் மாணவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். வீரர் பதில் சொல்வார். இதில் இரண்டு சங்கதிகளை நினைவில் வைக்க வேண்டும். நமக்குக் கேட்பது பதில் மட்டுமே. மாணவர்களின் குரல் வேறோர் அதிர்வெண்ணில் மேலே போகிறது. அந்தப் பள்ளிக்கு அருகில் இருந்தால் ஒழிய அது நம் காதில் விழாது. "ஆமாம், இங்கே தூங்குவதற்குச் சுவரோடு பையைக் கட்டிக்கொள்கிறோம், ஓவர்" என்று பதில் வந்தால் கேள்வி என்னவென்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது, பள்ளி நம் நாட்டில் இருப்பதாலேயே நிலையமும் நமக்கு மேலே இருக்கும் என்பதில்லை. பல உரையாடல்களில் வேறொரு கண்டத்தில் இருக்கும் தரைநிலையம் வானொலிப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும். பள்ளிக்குத் தொலைபேசி வழியாக இணைப்பு போகும். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்தபடி பெங்களூரு, ஷில்லாங் நகரங்களில் இருக்கும் இஸ்ரோ மையங்களுடன் ஹாம் ரேடியோவில் பேசினார். இதுபோன்ற அறிவிப்பு வரும்போது ஊர்ப்பெயரைப் பார்த்து மட்டும் மாடிக்கு ஓடாமல், வானொலி இணைப்பு எந்தத் தரைநிலையத்தின் வழியாக என்பதையும் பாருங்கள்.

எப்போது வருகிறது?

நிலையம் பூமியைச் சுற்றிவர ஏறத்தாழ 93 நிமிடம் எடுக்கிறது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்திருப்பதால் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் மேலே அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ குறுக்கே போகும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை நம் அடிவானத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும். அவற்றில் நல்ல உயரத்தில் வருபவை ஒன்றிரண்டுதான். ஒரே திசையிலான வருகைகள் நாளுக்கு நாள் சுமார் 24 நிமிடம் முன்னதாக நகர்ந்துகொண்டே போகும் என்பதால், இன்று நள்ளிரவில் வருவது சில வாரங்களில் மாலைக்கு வந்துவிடும். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கொஞ்சம் பொறுத்தால் போதும்.

வருகை நேரங்களைக் கணக்கிட ஹெவன்ஸ்-அபோவ், என்2ஒய்ஓ போன்ற இணையதளங்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியில் லுக்4சாட், கணினியில் ஜிபிரெடிக்ட் இரண்டும் இலவசம். உங்கள் ஊரின் இருப்பிடத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இந்தத் தளங்கள் சில, கண்ணுக்குத் தெரியும் வருகைகளை மட்டுமே காட்டும்படி அமைந்திருக்கும். கண்ணால் பார்க்க இருட்டு வேண்டும், நிலையத்தின் மேல் வெயில் பட வேண்டும். வானொலிக்கு இரண்டும் தேவையில்லை. நட்டநடுப் பகலிலும், மழை மேகத்துக்குள்ளும் கேட்கும். எனவே 'எல்லா வருகைகளும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் உச்ச உயரக் கோணம். 90 டிகிரி என்றால் நேர் தலைக்கு மேலே; 0 என்றால் அடிவானம். அடிவானத்தில் இருக்கும்போது நிலையம் நம்மிடமிருந்து 2,300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தலைக்கு மேலே வரும்போது கிடைக்கும் சக்தியில் முப்பதில் ஒரு பங்குதான் அப்போது நமக்கு வந்து சேரும். தொடக்கத்தில் 40 டிகிரிக்கு மேல் உயரும் வருகைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரி வருகைகளையும் பிடிக்கலாம். ஆனால் அது கைபழகியவர்களின் விளையாட்டு. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே போதும் அதை மறைக்க.

வீரர்களின் குரலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. நிலையத்தில் கடிகாரம் கிரீன்விச் நேரப்படி ஓடுகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து இரவு ஒன்பதரைக்குப் படுப்பது அவர்களின் வழக்கமான நாள். இந்திய, இலங்கை நேரத்தில் அது முற்பகல் பதினொன்றரையிலிருந்து பின்னிரவு மூன்று மணி வரை. விடியற்காலை ஐந்து மணி வருகையில் யாராவது பேசுவார்கள் என்று காத்திருப்பதில் பலனில்லை. பாக்கெட்டும் ரிப்பீட்டரும் மட்டும் அப்போதும் விழித்திருக்கும்.

எதை வைத்துக் கேட்பது?

கருவியே இல்லாமலும் தொடங்கலாம். உலகின் பல ஊர்களில் ஆர்வலர்கள் தங்கள் ரேடியோக்களை இணையத்தில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். இவற்றை வெப்எஸ்டிஆர் என்பார்கள். 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கொடுக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, நிலையம் அந்த ஊருக்கு மேலே போகும் நேரத்தில் திறந்தால் போதும். என்ன ஒலி வரும் என்று காதுக்குப் பழக்கமாகும்.

சொந்தமாக வாங்குவதென்றால் என் பரிந்துரை ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி கருவி. பெருவிரல் அளவுதான் இருக்கும். டிவி பார்ப்பதற்காக வந்த சில்லு. கணினியில் செருகினால் சுமார் 24 மெகாஹெர்ட்ஸ் முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் கேட்கும் ரேடியோவாகிவிடும். சந்தையில் மலிவான நகல்களும் கிடைக்கும். அவற்றில் அதிர்வெண்ணைக் கட்டுப்படுத்தும் படிகம் துல்லியமாக இராது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகினாலே 145.800இல் ஏழு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். நாம் தேடும் சிக்னலின் அகலத்தில் அது ஏறத்தாழப் பாதி. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, டிசிஎக்ஸ்ஓ என்ற துல்லியப் படிகம் பொருத்தியதை வாங்குங்கள்.

'சீன வாக்கி டாக்கி மலிவாகக் கிடைக்கிறதே, அதில் கேட்கலாமே' என்று பலரும் கேட்கிறார்கள். கேட்கலாம், கருவிக்கு அந்தத் திறமை உண்டு. ஆனால் இந்தியாவில் ஒலிபரப்பும் திறனுள்ள வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே சட்டச் சிக்கல். பேசும் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டால் அது இன்னும் பெரிய சிக்கல். கேட்க மட்டுமே தெரிந்த கருவி இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

ஆண்டெனா

145.800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் கால் பங்கு, சுமார் அரை மீட்டர். இந்த ஒரு எண்ணிலிருந்தே எளிய ஆண்டெனாக்கள் எல்லாம் பிறக்கின்றன.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் தொகுப்போடு இழுத்து நீட்டும் கம்பிகள் இரண்டு வந்திருந்தால் அவையே போதும். ஒவ்வொன்றையும் 49 சென்டிமீட்டருக்கு நீட்டி, இரண்டுக்கும் இடையே 120 டிகிரி விரிந்திருக்கும்படி, தரைக்குக் கிடைமட்டமாக வையுங்கள். இணையத்தில் தேடினால் இதே அமைப்புக்கு 53 சென்டிமீட்டர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது 137 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பிய நோவா வானிலைச் செயற்கைக்கோள்களுக்கான அளவு. அவற்றில் எஞ்சியிருந்தவற்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். கட்டுரைகள் மட்டும் நிற்கவில்லை.

கையால் செய்து பார்க்க விரும்புபவர்களுக்குக் கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா நல்ல தொடக்கம். பேனலில் பொருத்தும் கனெக்டர் ஒன்று, விறைப்பான செம்புக் கம்பி மூன்று மீட்டர், சால்டரிங் அயர்ன். கனெக்டரின் நடு ஊசியில் 49 சென்டிமீட்டர் கம்பியை நிமிர்த்திப் பற்றவையுங்கள். அதன் சட்டத்தின் நான்கு மூலைத் துளைகளிலும் 52 சென்டிமீட்டர் கம்பிகளைக் கோத்து, கீழ்நோக்கி 45 டிகிரி சரிந்திருக்கும்படி வளையுங்கள். கேபிளைக் கீழிருந்து மாட்டி, ஒரு பிவிசி குழாயின் தலையில் இதைச் செருகினால் ஆண்டெனா தயார். கம்பியின் நுனிகளைச் சிறு வளையமாக மடக்கிவிடுங்கள். மாடியில் கண்ணுக்கு நேரே நிற்கும் கூர்முனை ஆபத்தானது. அடிவானத்தை ஒட்டி வருவதை இது நன்றாகப் பிடிக்கும். நேர் தலைக்கு மேலே மட்டும் கொஞ்சம் பலவீனம். நிலையம் அப்போது மிக அருகில் இருப்பதால் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை.

கேபிள் விஷயத்தில் ஒரு சிக்கன யோசனை. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் பத்து மீட்டர் ஓடினால் வரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். டிஷ் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிள் அதைவிட மேல். அது 75 ஓம், ரேடியோ 50 ஓம் என்று யாராவது தடுப்பார்கள். ஒலிபரப்புக்கு அது சிக்கல்தான். கேட்பதற்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் நல்ல கேபிள் குட்டையான கேபிள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுங்கள்.

மென்பொருளைச் சீர்செய்தல்

விண்டோஸில் எஸ்டிஆர் ஷார்ப், லினக்ஸிலும் மேக்கிலும் ஜிக்யூஆர்எக்ஸ், எல்லாவற்றிலும் ஓடும் எஸ்டிஆர் பிளஸ்பிளஸ். எதை எடுத்தாலும் அமைக்க வேண்டியவை இவைதான். முறை: நேரோ எஃப்எம். அகலம்: 15 கிலோஹெர்ட்ஸ். கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு: தானியங்கியில் விடாமல் கையால் முப்பது டெசிபெல் சுற்றுவட்டாரத்தில் தொடங்கி, பின்னணி இரைச்சல் சற்று உயரத் தொடங்கும் இடம்வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பக்கத்து எஃப்எம் வானொலிக் கோபுரங்கள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் குழப்பும். கருவியை 15 நிமிடம் முன்னதாகவே செருகி வையுங்கள். சூடேறும்வரை அதன் அதிர்வெண் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்குவெல்ச் என்ற வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது ஒலியை மொத்தமாக அடைப்பதுதான் அதன் வேலை. நாம் கேட்க வந்ததே பலவீனமான சிக்னலை. தொடர்ந்து வரும் இரைச்சல் காதுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிலையம் வந்துவிட்டது என்பதை முதலில் சொல்வது அந்த இரைச்சல் அடங்குவதுதான், பேச்சு அதற்குப் பிறகே கேட்கும்.

அந்தப் பத்து நிமிடங்கள்

நல்ல வருகை ஒன்று அடிவானத்திலிருந்து அடிவானம் வரை பத்து நிமிடம் நீடிக்கும். தென்மேற்கில் எழுந்து வடகிழக்கில் மறையும், உச்சம் 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்து நிமிடம் முன்பே ஒலிப்பதிவைத் தொடங்கிவிடுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது ஆறஅமரக் கேட்கலாம். திரையில் நீர்வீழ்ச்சிபோல் வழியும் நீலப் படலத்தில் கண் வையுங்கள். முதல் நிமிடத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நிமிடத்தில், நீங்கள் குறித்து வைத்த இடத்துக்குச் சற்று வலப்புறம், மங்கலான கோடு ஒன்று முளைக்கும். வலப்புறம் ஏன்? நிலையம் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நம்மை நோக்கி வருவதால் அதிர்வெண் உயர்ந்து தெரிகிறது. இதுதான் டாப்ளர் விளைவு. 145.800இல் இந்த விலகல் அதிகபட்சம் மூன்றரை கிலோஹெர்ட்ஸ்; 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும். எதையும் தொட வேண்டாம்.

437.800இல் நிலைமை வேறு. அங்கே விலகல் பத்து கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். சும்மா இருந்தால் தலைக்கு மேலே வரும் ஓரிரு நிமிடம் மட்டும்தான் கேட்கும். 437.810இல் தொடங்குங்கள். முதல் மூன்று நிமிடம் கோடு அதே இடத்தில் நிற்பதுபோலவே இருக்கும். நிலையம் உச்சியை நெருங்கும்போதுதான் மளமளவென்று இடப்புறம் சரியும். அப்போது 437.805, 437.800, 437.795 என்று அதன் பின்னாலேயே போங்கள். கடைசியில் 437.790. மவுஸை எடுத்துக் கோட்டின் நடுவில் வைத்துக்கொண்டே இருந்தால் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முடிந்த பிறகு திரையில் மிஞ்சும் சாய்ந்த 'எஸ்' வடிவ வளைவுதான் அது விண்ணிலிருந்து வந்தது என்பதற்கு அத்தாட்சி. தரையில் நிலையாக நிற்கும் எந்த ஒலிபரப்பும் அப்படி வளையாது.

ஒலி திடீரென்று தேய்ந்தால் ஆண்டெனாவைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். அங்கிருக்கும் ஆண்டெனாவின் கோணம் நம்மைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. நம் கம்பியும் அதே சாய்வுக்கு வந்தால் ஒலி எழுந்து நிற்கும். நிலையம் 20 டிகிரிக்கு மேலே இருக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு நிமிடம்தான். இந்த நான்கு நிமிடத்தில் கைபேசியில் வீடியோ எடுக்க முயல்பவர்கள் இரண்டையும் கோட்டைவிடுவார்கள்.

ரிப்பீட்டரில் கேட்பது சந்தைக்கடை இரைச்சல்தான். நிலையம் நமக்கு மேலே இருக்கும்போது அதன் பார்வை வட்டம் எந்தப் பக்கமும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. சென்னைக்கு மேலே இருப்பதை டெல்லியிலும் கொழும்பிலும் யாங்கூனிலும் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். எல்லாரும் தங்கள் அழைப்புக்குறியை, அதாவது உரிமத்தோடு தரப்படும் அடையாள எழுத்துகளை, சொல்ல முண்டியடிப்பார்கள். 'விக்டர் யூனிஃபார்ம்' என்று தொடங்கினால் பெரும்பாலும் இந்திய நிலையம். மாறாக, 145.800இல் 'நவம்பர் ஆல்ஃபா ஒன் சியரா சியரா' என்று கேட்டால் பேசுவது விண்வெளி வீரரேதான். அது நிலையத்தின் அமெரிக்க அழைப்புக்குறி. ரஷ்ய வீரர்கள் 'ஆர்எஸ்0ஐஎஸ்எஸ்' என்பதைப் பயன்படுத்துவார்கள்.

படமும் எழுத்தும்

படம் அனுப்பும் நாட்களை யாரும் தவறவிடக்கூடாது என்பேன். ககாரின் பறந்த ஏப்ரல் 12ஐ ஒட்டியும், வேறு நினைவு நாட்களிலும் இவை வருவதுண்டு. வழக்கமாகப் பயன்படுத்தும் முறை பிடி120. ஒரு படம் வந்து முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும்; பிறகு இடைவெளி; பிறகு அடுத்தது. காதில் விழுவது ஏறி இறங்கும் கீச்சொலியும், அரை நொடிக்கு ஒருமுறை தட்டும் 'டிக்' ஒலியும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ரோபாட்36 செயலியைத் திறந்து கணினியின் ஒலிபெருக்கி அருகே வைத்தாலே போதும், வரி வரியாகப் படம் மேலிருந்து விரியும். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் அதுவும் படத்தில் புள்ளிகளாக விழும். பதிவு செய்த ஒலியிலிருந்து பிறகு எடுப்பதானால் விண்டோஸில் எம்எம்எஸ்எஸ்டிவி, லினக்ஸில் கியூஎஸ்எஸ்டிவி. எம்பி3யாகச் சேமிக்காதீர்கள், அதன் சுருக்கம் படத்தைக் கெடுக்கும். வேவ் கோப்பாக வையுங்கள்.

ஒரு நல்ல வருகையில் இரண்டு முழுப் படம் கிடைத்தால் மகிழ்ச்சி. முதல் படம் அடிவானத்துக்குக் கீழேயே தொடங்கிவிட்டால் பாதிதான் கிடைக்கும். அதுவும் போகட்டும் என்று விடாதீர்கள். பாதிப் படங்களுக்கும் ஏரிஸின் படத்தொகுப்பில் இடமுண்டு.

பாக்கெட் ஒலி பழைய டயல்-அப் மோடத்தின் 'கர்ர்' போன்றது. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருளுக்கு அந்த ஒலியைக் கொடுத்தால் யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்று எழுத்தில் காட்டும். பேச்சுக்குப் போதுமான தெளிவு இதற்குப் போதாது. ஒரு எழுத்து பிசகினாலும் முழுச் செய்தியையும் மென்பொருள் தூக்கிப்போட்டுவிடும். பத்து 'கர்ர்' கேட்டு மூன்று வரி கிடைத்தால் உங்கள் அமைப்பு நன்றாகவே இருக்கிறது.

ஒன்றும் கேட்கவில்லையா?

முதலில் நிலவரப் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். அன்றைக்கு ரேடியோ அணைந்திருந்தால் உங்கள் மேல் குற்றமில்லை. அடுத்து, கணக்கிடும் செயலியில் ஊரும் நேர மண்டலமும் சரியா என்று பாருங்கள். சுற்றுப்பாதைத் தரவுகள் பழையதாக இருந்தாலும் நேரம் பிசகும். நிலையம் அவ்வப்போது தன் உயரத்தை மாற்றிக்கொள்வதால் இவற்றைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இவை சரியென்றால், சந்தேகத்தைக் கருவியின் மேல் திருப்பலாம். உள்ளூர் எஃப்எம் நிலையம் ஒன்று அதன் சரியான எண்ணில் வருகிறதா என்று பாருங்கள். தள்ளி வந்தால் மென்பொருளில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்ற இடத்தில் திருத்திக்கொள்ளலாம். திரை முழுக்கச் சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் அது வீட்டுக்குள்ளிருந்து வரும் தொல்லை. மலிவான எல்இடி விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மடிக்கணினியின் சார்ஜரே குற்றவாளியாக இருப்பது சகஜம். பேட்டரியில் ஓட்டினால் கோடுகள் மாயமாகிவிடும். பெருநகரத்தில் எஃப்எம் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டி ஒன்று பெரிய உதவி.

இடி மின்னல் இருக்கும்போது மட்டும் மாடியில் கம்பியோடு நிற்க வேண்டாம். நிலையம் மறுநாளும் வரும்.

கேட்டதைச் சொல்லுங்கள்

கேட்டு ருசி கண்டவர்களுக்கு அடுத்த ஆசை பேசுவது. அதற்கு இந்தியாவில் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறி அமெச்சூர் வானொலி உரிமம் பெற வேண்டும்; பன்னிரண்டு வயதானவர்களே எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும்தான் பாடம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். அருகிலுள்ள ஹாம் சங்கத்தை அணுகினால் பாடமும் கிடைக்கும், பயிற்சிக்குத் துணையும் கிடைக்கும்.

கேட்க மட்டும் செய்தவர்களுக்கும் கியூஎஸ்எல் அட்டை என்ற உறுதிச்சீட்டை ஏரிஸ் அனுப்புகிறது. படம் பிடித்தவர்கள் அந்தந்த நிகழ்ச்சியின்போது பதிவேற்றினால் சான்றிதழும் உண்டு. இதற்கெல்லாம் குறிப்பு முக்கியம்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதிர்வெண், உங்கள் ஊர், கேட்ட வாசகம் அல்லது அழைப்புக்குறி. நேரத்தை யுடிசியில், அதாவது கிரீன்விச் நேரத்தில் எழுதுங்கள்; இந்திய, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் அதுதான். நள்ளிரவு முதல் காலை ஐந்தரைக்குள் கேட்டிருந்தால் தேதியும் ஒரு நாள் பின்னே போகும். அதைச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள்.